ஓவசியர் பூட்டிய றேடியேற்றர்

ஒரு வேலையும் ஒழுங்காகத் தெரியாமல் எல்லா வேலைக்கும் கைவைக்கத் துணிந்தவர்களில் எங்கள் ஓவசியரை வெல்ல இந்தத் தீவில் ஆளில்லை. களுவாஞ்சிக்குடியில் எங்களுக்கு எதிர்வீடு. ஏதோ ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நின்று வெட்டுவித்த வாய்க்காலில் தண்ணீர் மேட்டைப் பார்த்து ஓடியதாகச் சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

அவரிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. அவரைவிட வயதும் அறிவும் கொஞ்சம் கூடிய கார். அது கொதித்தால் நின்றுவிடும். அவர் கொதித்தால் நிற்கவே மாட்டார். றேடியேற்றர் ஒழுகத் தொடங்கியபோது சவர்க்காரத்தால் ஓட்டையை அடைத்தார். கார் ஒரு கிழமை நுரை கக்கிக்கொண்டு திரிந்தது.

என் கலியாணத்துக்கு மாப்பிள்ளைக் கார் அதுதான் என்று அவராகவே அறிவித்தார். பெண் வீடு வாவிக்கு அக்கரையில், மண்டூரில். வாடகைக்கு ஒரு வான் பிடிக்கலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"வானில ஏத்துறதுக்கு நீ என்ன மாப்பிளையா, மரக்கறியா?" என்றார்.

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்க, கொழும்பு பஸ்ஸில் ஒரு றேடியேற்றர் வந்து இறங்கியது. வேறு ஏதோ காரில் கழற்றியது. நாலு விரல் அகலம் கூட. ஓர் ஓட்டையும் பொருந்தவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடுவோம் என்றேன்.

"அவனுக்கு என்ன தெரியும்? றேடியேற்றர் சரி, மனே. கார்தான் பிழை."

பிழையான காரைத் திருத்தத் தொடங்கினார். முன்தகட்டை இரண்டு இடத்தில் வெட்டினார். றேடியேற்றரை உள்ளே நிறுத்திக் கட்டுக்கம்பியால் வரிந்தார். அதிராமல் இருக்கத் தன் றப்பர் செருப்பை அறுத்துச் செருகினார். ஹோஸ் எட்டவில்லை என்று கிணற்று மோட்டர்க் குழாயில் ஒரு துண்டை வெட்டிப் பூட்டினார். அன்று அவர் வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லை. மனைவி ஏசியது சந்திவரை கேட்டது. போனட் மூடவில்லை, அதற்குக் கயிறு.

"பாத்தியா? கொம்பனிக்காரன் பூட்டினதை விட இறுக்கம்!"

கலியாணத்தன்று பட்டுவேட்டி, தலைப்பாகையோடு நான் பின்சீற்றில். பக்கத்தில் தோழனாக என் மச்சான். குருமண்வெளித் துறைவரை கார் முனகிக்கொண்டு ஓடிவந்து பாதையில் ஏறியது. வாகனங்களை அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். எல்லாரும் எஞ்சினை நிறுத்தினார்கள், ஓவசியரைத் தவிர.

"நிப்பாட்டினா மறுகா ஸ்டார்ட் வராது."

நடு வாவியில் குழாய் வெடித்தது. போனட்டுக்குள்ளிருந்து ஆவி எழும்பியது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்.

"சுத்திவரத் தண்ணி கிடக்கு, அள்ளி ஊத்துங்க ஐயா!" என்றான் மச்சான்.

ஓவசியர் அவனை அருவருப்போடு பார்த்தார். "உப்புத் தண்ணியாடா! புதுச் சாமான் அரிச்சுப்போகும்."

"முகூர்த்தம் போகுது!" என்றேன்.

"முகூர்த்தம் இன்னொண்டு வரும். இந்த றேடியேற்றர் வராது."

சொல்லிவிட்டு மூடியைத் திறக்கக் குனிந்தார். நான் கோபத்தோடு இறங்கிப்போய் எட்டிப் பார்த்தேன். "அங்கால போ!" என்று நெஞ்சில் ஒரு தள்ளு. பின்னால் நின்ற மீன்காரரின் ஐஸ் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தேன். மூடி பறந்து ஆவி சீறியது. பாதையே சிரித்தது. அப்போது நான் அவரை ஏசிய ஏச்சை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முகம் துடைக்கிற லேஞ்சியைக் கையில் சுற்றிக்கொண்டு, வெடித்த குழாயை என் பட்டுச் சால்வையால் கட்டினார். ஆள் ஆளாய்க் குடிதண்ணீர்ப் போத்தல் கேட்டு வாங்கி ஊற்றினார். அது போதாமல் பெண் வீட்டுக்குக் கொண்டுபோன எங்கள் தட்டில் இருந்த செவ்விளநீரையும் வெட்டி ஊற்றினார். உப்புத்தான் ஆகாதாம், இனிப்புக்குப் பரவாயில்லையாம்!

அக்கரையில் மாப்பிள்ளையும் சேர்ந்து தள்ள, கார் ஸ்டார்ட் ஆனது. முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம் இருக்க மணவறைக்கு ஓடித் தாலி கட்டினேன். மனைவியாகி அவள் என் காதில் சொன்ன முதல் வார்த்தை, "மீன் மணக்குது."

பந்தியில் ஓவசியர் கரண்டி கேட்டார். "துரைக்குக் கையால தின்னத் தெரியாதாக்கும்" என்று மச்சானிடம் நக்கலடித்தேன். என் மனைவிதான் கவனித்தாள்.

"அவர்ட கையப் பாருங்க."

லேஞ்சிக்குக் கீழே உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் கொப்பளித்துக் கிடந்தது. மூடி பறந்த நேரம் என் முகம் இருந்த இடத்தில் அந்தக் கை இருந்திருக்கிறது. அந்தக் கையால்தான் அவ்வளவு தூரம் காரையும் ஓட்டி வந்திருக்கிறார்.

"ஏன் ஐயா சொல்லல்ல?"

"என்னத்தச் சொல்லுற? கொஞ்சம் சூடு. கம்பி அசைஞ்சுதா, அதப் பாத்தியா நீ?"

கலியாண உடுப்போடு நானே அந்தக் காரை ஓட்டி அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கியர் மாற்றத் தெரியவில்லை, கிளச்சை மிதிக்கத் தெரியவில்லை, உனக்கெல்லாம் ஆர் பெண் தந்தது என்று வழிநெடுக ஏசிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு குழியிலும், அந்தக் கை அதிராமல், காரை மெதுவாக இறக்கி ஏற்றினேன்.