ஆடாமல் கிடக்கத் தெரியாத தலை

அந்த ஸ்கேன் சென்டர் டெக்னீஷியன்மீது எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. தப்பு முழுக்க என்னுடையது என்பதால் கோபம் இன்னும் ஜாஸ்தி.

வலது காதுக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில் எனக்கு ஒரு கட்டி. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குமுன், மூளையிலிருந்து ரத்தம் கீழே இறங்கும் குழாய்கள் எப்படிப் போகின்றன என்று எம்.ஆர்.ஐ.யில் தனியாக ஒரு படம் வேண்டும் என்றார் சென்னை சர்ஜன். திருவண்ணாமலையிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொன்னவன் நான்தான். (சென்னைக்கு ஒரு நடை மிச்சமாம்! என் புத்தியை என்ன சொல்ல.)

டெக்னீஷியன் என்னைப் படுக்கவைத்துச் சொன்னார்: "சார், தலைய மட்டும் ஆட்டாதீங்க. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையை ஆட்டினேன்.

நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அதிகாரி எதைச் சொன்னாலும் வாயைத் திறக்காமல், தலையை ஆட்டியே பதினெட்டு வருடம் தள்ளியவன். அந்தத் தலை மிஷினுக்குள் போனதும் திருந்திவிடுமா? கடகடவென்ற சத்தம் ஓயும்போதெல்லாம் மைக்கில் "ஓகேவா சார்?" என்று குரல் வந்தது. ஆட்டினேன். பதில் வராததால் மறுபடி கேட்டார். (அதுவும் அதிகாரி தோரணையில்!) பலமாக ஆட்டினேன். ஆட்டி முடிப்பதற்குள் மிஷின் அடுத்த படத்தை ஆரம்பித்துவிட்டது.

சென்னையில் சர்ஜன் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாருங்க இது, மூணு மூக்கோட?"

அசட்டுத்தனமாகச் சிரித்துவைத்தேன்.

"கட்டியை ஒட்டிப் போற குழாய்ல கை வச்சா, அந்தப் பக்கத்துக் குழாய் தாங்குமான்னு எனக்குத் தெரியணும். இதுல ஒண்ணும் தெரியல. தெரியாம கத்தி வச்சா மூளை வீங்கிடும், நீங்க எழுந்திருக்க மாட்டீங்க" என்றவர், குறித்த நாளை அடித்துவிட்டார்.

வாசலுக்கு வந்ததும் டெக்னீஷியனுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வேறு போட்டேன், அவர் திட்டு வாங்குவதை என் மனைவி மல்லிகாவும் கேட்கட்டும் என்று.

"இன்னாய்யா படம் எடுத்திருக்க? உசுரு போற விஷயம்யா!"

"சார், ஜன்னல் வழியா பார்த்துட்டு, 'ஆட்டாதீங்க'ன்னு மைக்ல சொன்னேன் சார். அதுக்கும் ஆட்டுனீங்க."

ஊர் திரும்பும் வழியில், செஞ்சி தாண்டியதும் மல்லிகா ஆரம்பித்தாள். பஸ்ஸே கேட்டது.

"ரெண்டு பொண்ணுங்கள வச்சிக்கினு நான் இன்னாங்க பண்ணுவேன்? அரை மணி நேரம் சும்மா கெடக்க முடியலயா உங்களால?"

முதலில் அவள்மீது கோபம் வந்தது. அப்புறம் என் கழுத்தின்மீது.

இரண்டாம் ஸ்கேன் பௌர்ணமியன்று அமைந்தது. ஆட்டோ வரவில்லை; கிரிவலக் கூட்டத்தில் இடிபட்டு, எல்லோரையும் திட்டிக்கொண்டே நடந்து போனேன். மல்லிகா நகைகளைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளேயே வந்து, என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆட்டுனீங்க, ஒடிச்சிடுவேன்."

படம் பளிச்சென்று வந்தது. ஆபரேஷனில் கட்டி போயிற்று. கூடவே வலது காதும் கேட்காமல் போயிற்று.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும், மல்லிகா என் வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி இந்தக் கதையைச் சொல்கிறாள். எனக்கு ஒரு வார்த்தைகூட விழுவதில்லை. கோபம் மட்டும் சரியான இடத்தில் வந்துவிடுகிறது.