கற்பூர வெளிச்சத்தில் மாப்பிள்ளை

மின்சாரத்தைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்தவனுக்குத்தான் வாய் நீளும். அந்தக் காலத்தில் என் வாய் வாசல்வரை நீண்டிருந்தது. (எல்லாம் மாலை வகுப்பில் படித்த திமிர்.)

அறுபதுகளில், சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் குடியிருந்த தூரத்து உறவு மாமா, தன் வீட்டு கராஜைப் பட்டறையாக மாற்றினார். வயரிங் திட்டம் போடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம், அவர் மகள் சாரதாவை எங்கள் வீட்டில் எனக்குக் கேட்டிருந்தார்கள். "கராஜ் வேலை முடியட்டும், அப்புறம் பேசுவோம்" என்று மாமா சொல்லியிருந்தார். என் கல்யாணமே அந்த வயரில்தான் தொங்கியது.

லேத், டிரில்லிங் மெஷின், கிரைண்டர். வேலை செய்யப்போவது மாமா ஒருவர்; ஒரு நேரத்தில் ஒன்றுதானே ஓடும்? எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, வீட்டு லைனிலிருந்தே ஒரு வயரை இழுக்க வைத்தேன்.

ஆயுத பூஜையன்று மாலை திறப்பு விழா. மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், பூமாலை. மாமா கற்பூரத் தட்டைக் கையில் எடுத்தார்.

"தீபம் காட்டறப்ப எல்லா மெஷினும் ஒண்ணா ஓடணும். ஆளுக்கு ஒரு சுவிட்ச் பிடிச்சுக்குங்க."

நான் போட்ட வயர் ஒரு மெஷினுக்குத்தான் தாங்கும்.

"மாமா, ஒவ்வொண்ணா போடலாமே?"

"சாமி முன்னாடி என்னலா ஓரவஞ்சனை?"

"இல்ல மாமா, மெஷின் புதுசு..."

"நீதானே வயரிங் போட்ட? உனக்கே நம்பிக்கை இல்லையா?"

உண்மையைச் சொன்னாலும் பெண் இல்லை, சொல்லாவிட்டாலும் இல்லை. (நான் வேண்டாத சாமி இல்லை.) மணி அடித்தது. மூன்று மெஷின்களும் ஒருமுறை உறுமின. 'பட்'டென்று ஒரு சத்தம். கராஜ் இருண்டது, வீடும் இருண்டது, உள்ளே ரேடியோ பாதிப் பாட்டில் வாயை மூடிக்கொண்டது.

மாமா தட்டை மெல்ல என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். ஓடிவிடலாமென்றால் வாசலை அடைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள். அப்போதுதான் சாரதாவின் குரல் கேட்டது.

"அப்பா, இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க. மாப்பிள்ளை முகத்தை நான் ஒழுங்காப் பார்த்ததே இல்ல."

'மாப்பிள்ளை' என்றாளே! கூட்டம் கொல்லென்று சிரித்தது. கடைசியில் மாமாவும் சிரித்துவிட்டார். "பொண்ணைக் குடுக்கிறேன். வயர்ல மட்டும் கை வைக்காதலா!"

இன்றும் எங்கள் அடுக்குமாடி வீட்டில் கரண்ட் போனால் யாரும் மெழுகுவர்த்தி தேடுவதில்லை. "அம்மா, கற்பூரம் எங்க? அப்பா முகத்தைப் பாக்கணும்!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். சாரதா கற்பூரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, முதல் வேலையாக ஃபியூஸ் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொள்வாள்.