எங்கள் தெருவின் ஒரே டாக்டர்

பஃபலோ,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய பெரியண்ணன் மொனோவர் அவர்களுக்கு,

தம்பி தொஃபாஜ்ஜல் சலாம் சொல்லி, பாதம் தொட்டு எழுதிக்கொள்வது. இறைவன் கருணையால் நானும் ஜொஹுராவும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அளவோடு இருக்க, நலமாக இருக்கிறோம். குவீன்ஸில் தாங்களும் அண்ணியும் ரூமானாவும் அதைவிட ஒரு படி கூடுதலாகவே நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

வியாழக்கிழமை நீங்கள் போனில் பேசியதற்குப் பதில்தான் இது. அன்றைக்கே சொல்லியிருப்பேன், ஆனால் நீங்கள் மூச்சுவிட இடம் கொடுக்கவில்லை. நம் வங்காள வாரப் பத்திரிகையில் எங்கள் தெருவைப் பற்றி வந்த செய்தியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தீர்கள். வங்காளிகளையும் பூட்டானியரையும் ஒப்பிட்டு ஒரு கல்லூரிப் பெண் ஆராய்ச்சி செய்தாளாம், எங்கள் தெருவில் சொந்த வீடு வங்காளிக்கு ஒன்பது, பூட்டானியருக்கு ஏழாம், பட்டதாரிகள் நம் பக்கம் ஆறு, அவர்கள் பக்கம் இரண்டாம், மருத்துவர் நம் பக்கம் ஒருவர், அவர்கள் பக்கம் பூஜ்யமாம். "பாத்தியாடா, அவனுங்கள எங்கேயோ விட்டுட்டோம்" என்றீர்கள். கிரிக்கெட்டில் ஜெயித்த மாதிரி சிரித்தீர்கள். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "அந்த டாக்டரு யாருடா, கல்யாணமாகாத பையன் இருக்கானா, நம்ம ரூமானாவுக்கு விசாரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள்.

அண்ணே, விசாரித்துவிட்டேன். அந்த டாக்டருக்குப் பையன் இல்லை, பெண்ணும் இல்லை. மஞ்சள் டாக்ஸி ஓட்டிய இருபத்திரண்டு வருஷம்தான் இருக்கிறது. அந்த டாக்டர் நான்தான்.

கோபப்படாமல் மேலே வாசியுங்கள். முகம்மது என்ற பெயரைச் சுருக்கி எம்டி என்று இரண்டே இங்கிலீஷ் எழுத்தில் நம் ஊர்ப் பள்ளிக்கூட குமாஸ்தா எழுதினாரே, அது உங்கள் பெயருக்கு முன்னாலும் இருக்கிறது, என் பெயருக்கு முன்னாலும் இருக்கிறது, நம் ஜில்லாவில் பாதி ஆம்பிளைகளின் பெயருக்கு முன்னாலும் இருக்கிறது. அமெரிக்கக் காகிதத்தில் அதைத் தூக்கிக் கடைசியில் வைத்து நமக்குக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். நான் இங்கே வீடு வாங்கி வந்த அன்று, அடையாள அட்டையில் இருந்தபடியே தபால் பெட்டியில் எழுதினேன்: தொஃபாஜ்ஜல் எம்டி. இந்த ஊரில் அது டாக்டர் பட்டம் என்று யாரோ வாசித்துச் சொல்லியிருக்க, மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் நந்திகேஷ்வர் சிவாகோட்டி படியேறி வந்தார். பூட்டானிலிருந்து விரட்டப்பட்டு, நேபாளத்து அகதி முகாமில் பதினெட்டு வருஷம் இருந்து, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பையோடு இந்த ஊருக்கு வந்தவர். நெற்றியில் சந்தனம், தலையில் பூப்போட்ட தொப்பி. அந்தத் தொப்பிக்கு அவர்கள் ஊரில் டாக்கா தொப்பி என்று பேராம், நம் தலைநகரத்தை இத்தனை காலமாகத் தலையில் தூக்கிக்கொண்டு திரிகிற மனுஷன். இரண்டு கைகளையும் கூப்பி, சினிமாவில் கற்ற இந்தியில், "டாக்டர் சாப், முட்டி வலிக்குது" என்றார்.

நான் என்ன செய்வேன்? இருபத்திரண்டு வருஷமாக என்னை முதுகுப்பக்கமிருந்தே கூப்பிட்டவர்கள்தான் உண்டு. முகத்தைப் பார்த்து, கை கூப்பி, சாப் என்று கூப்பிட்டவர் இவர்தான். "சுடுதண்ணி குடிங்க, தினம் கொஞ்சம் நடங்க" என்றேன். யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியதுதானே. பத்து நாளில் முட்டி சரியாகிவிட்டது. அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் அவர் வருவார், தன் தோட்டத்துக் கடுகுக் கீரை ஒரு கட்டோடும், கண்ணில் நீர் வரவைக்கும் உருண்டை மிளகாய் ஒரு பையோடும். நான் சுடுதண்ணியையும் நடையையும் மாற்றி மாற்றிச் சொல்வேன். மருந்து என்று ஒரு மாத்திரை கொடுத்ததில்லை, அது மட்டும் சத்தியம். ஜொஹுரா சமையலறையிலிருந்து, "நாளைக்கு நாடி புடிப்பீங்களா, இல்ல ஆபரேஷனே பண்ணிடுவீங்களா?" என்று கேட்பாள். கீரையை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வாள்.

அந்தக் கல்லூரிப் பெண் வந்த அன்று நாங்கள் இருவரும் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தோம். பிறந்தநாள் கேட்டாள். சனவரி ஒன்று என்றேன். அவரும் சனவரி ஒன்று என்றார். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் காகிதத்தில் அதுதானே தேதி. அவள் பேனாவை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தொழில் என்ன என்று என்னைக் கேட்டாள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் நந்தி தாஜு முந்திக்கொண்டு, "டாக்டர், டாக்டர்" என்றார். (அவர்கள் மொழியில் அண்ணனைத் தாஜு என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.) நான் மறுக்கவில்லை, அண்ணே. டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரிடம், "அந்தப் பதினெட்டு வருஷம் என்ன வேலை?" என்று கேட்டாள். அவர் சொல்லத் தொடங்கினார். நூற்று முப்பது குடிசைக்கு அவர்தான் பொறுப்பாம், யார் வீட்டில் எத்தனை வாய், எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், எந்த மாமியாரும் மருமகளும் பேசுவதில்லை, எல்லாம் அவர் வாயிலேயே இருக்குமாம், எழுதப் படிக்கத் தெரியாததால் எழுதி வைக்கவும் முடியாதாம். அவள் முழுக்கக் கேட்டாள், தலையை ஆட்டினாள், கடைசியில் கட்டத்தில் "வேலை இல்லை" என்று எழுதினாள். இதுதான் நீங்கள் வாசித்த ஆராய்ச்சி. பொய் சொல்லாமல் பொய்யனான ஒரு டாக்ஸிக்காரனும், பதினெட்டு வருஷம் வேலை செய்து சோம்பேறியான ஒரு பெரியவரும் அதில் இருக்கிறோம்.

நீங்கள் ஜெயித்தோம் என்கிறீர்கள், எனக்கோ இவர்களைப் பார்த்துப் பார்த்து வாய் மூடவில்லை. நாம் வந்தபோது முன்னால் வந்த ஒரு மாமா இருந்தார், படுக்க இடமும் ஓட்ட வண்டியும் காட்டினார். இவர்களுக்கு விமான நிலையத்தில் கையசைக்கக்கூட ஆள் இல்லை. மகன் கோழிக் கம்பெனியில், மருமகள் இந்திரகலா முதியோர் வீடுகளில், ஒரே கூரையின் கீழ் ஒன்பது பேர், ஏழாவது வருஷம் வீடு அவர்களுடையது. போன மாதம் மூன்றாவது வீட்டுத் தாத்தா ஒருவர் இறந்தபோது ஒரு மணி நேரத்தில் தெருவில் கார் நிறுத்த இடமில்லை, ஓஹாயோவிலிருந்துகூட வந்துவிட்டார்கள். நாமோ பள்ளிவாசல் ஒன்றுக்குக் கமிட்டி இரண்டு, தலைவர் மூன்று பேர் வைத்திருக்கிறோம். அவர்கள் சங்கமும் இரண்டாக உடைந்துதான் இருக்கிறது, அந்த ஒரு விஷயத்தில் சமம்.

இப்போது நான் தூக்கத்தைத் தொலைத்த விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலை நந்தி தாஜு கீரைக் கட்டு இல்லாமல் வந்தார், கையில் ஒரு படிவம். குடியுரிமைத் தேர்வில் இரண்டு தடவை தோற்றிருக்கிறார், இங்கிலீஷ் வாசிக்கச் சொன்னால் எழுத்துகள் ஓடுகின்றனவாம். டாக்டர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் தேர்வே இல்லாமல் விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நம்ம டாக்டரு பக்கத்துலயே இருக்காரேன்னு வந்தேன்" என்று பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"தாஜு, நான் டாக்டர் இல்ல" என்றேன்.

"பெரிய டாக்டருங்க எல்லாம் இப்படித்தான் அடக்கமா பேசுவாங்க."

"சத்தியமா இல்ல. நான் டாக்ஸி ஓட்டினவன்."

"டாக்டர் ஆகறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஜொஹுரா என் பழைய டாக்ஸி லைசென்ஸைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். எம்டி என்றால் பட்டம் இல்லை, நபிகள் பெயர், எங்கள் அண்ணன் பெயரிலும் இருக்கிறது, எங்கள் வீட்டு ஆம்பிளைகள் எல்லார் பெயரிலும் இருக்கிறது என்று நான் சொல்லி முடித்தேன். அவர் லைசென்ஸில் இருந்த என் போட்டோவை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"சரி பாய். அப்ப நான் செத்தா எந்த ஊர்க்காரன்னு எழுதுவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணே, யோசித்துப் பாருங்கள். நாம் பிறந்தபோது பாகிஸ்தான், எனக்குப் பதினொரு வயதில் பங்களாதேஷ், படுத்த பாயைவிட்டு எழுந்திருக்காமலே நமக்கு இரண்டு நாடு கிடைத்தது. மூன்றாவதை விமானம் ஏறி வாங்கிக்கொண்டோம். அவர் பிறந்த ஊரில் ஒரு நாள் பட்டியலில் பெயரை அடித்துவிட்டார்களாம், அன்றிலிருந்து அறுபத்தெட்டு வயதுவரை ஒரு நாட்டுக்கும் அவர் சொந்தம் இல்லை. எனக்கு மூன்று, அவருக்கு ஒன்றும் இல்லை, அதில் நான் அவரிடம் மூன்று வருஷம் ஓசிக் கீரை வேறு வாங்கித் தின்றிருக்கிறேன்.

மறுநாளே அவரை வண்டியில் ஏற்றி, அகதிகளுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்யும் ஒரு அம்மாளிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மாள் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "ஐம்பத்தைந்து வயசு தாண்டி, இங்க வந்து பதினைஞ்சு வருஷம் ஆயிடுச்சுன்னா சொந்த மொழியிலேயே பதில் சொல்லலாமே, இவருக்குப் போன பிப்ரவரியிலேயே ஆயிடுச்சே" என்றார். டாக்டரும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். நூறு கேள்வி தெரிந்தால் போதும். நானும் இந்திரகலாவும் மாற்றி மாற்றிக் கேள்வி வாசித்தோம், அவர் கடுகுப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டே கேட்டார். ஒரு தடவை கேட்டது அவரிடம் அப்படியே நின்றது. பதினாறு நாளில் நூறும் முடிந்தது. வரிசையாகச் சொன்னார், பின்னாலிருந்து சொன்னார், நான் ஒரு பதிலைத் தப்பாக வாசித்தால் திருத்தினார். நூற்று முப்பது குடிசையை மண்டையில் வைத்திருந்தவருக்கு ஐம்பது மாநிலம் எம்மாத்திரம்.

"முதன்முதலா குடியேறினவங்க ஏன் அமெரிக்காவுக்கு வந்தாங்க?" என்று ஒரு கேள்வி. இதை மட்டும் நான் பதில் வாசிக்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார்.

"அவங்க ஊருல இருக்க விடல. அதான் வந்தாங்க. இத வேற கேக்கணுமா?"

தேர்வன்று நான் காரிலேயே உட்கார்ந்து, தெரிந்த சூராக்களை எல்லாம் ஓதினேன். அரைமணியில் வெளியே வந்தார், முகத்தில் கடுகடுப்பு. போச்சு என்று நினைத்தேன். "ஆறு கேட்டாங்க, ஆறும் சொன்னேன், போதும்னுட்டாங்க. மிச்சத்தையும் கேளுங்கம்மான்னா கேக்கமாட்டேங்கறாங்க" என்றார். பாதி வழியில் நான் வண்டியை ஓரம் கட்டி அழுதேன், அண்ணே. என் வாழ்நாளில் இப்படி ஒரு சவாரி ஏற்றியதில்லை. அவர் என் தோளைத் தட்டி, "சுடுதண்ணி குடிங்க" என்றார்.

நாளை மறுநாள் நீதிமன்றத்தில் உறுதிமொழி. ஆகவே தாங்கள் தயவுசெய்து அந்தப் பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுதிப் போடவும்: எங்கள் தெருவில் வங்காளி டாக்டர் பூஜ்யம். தபால் பெட்டியில் இருந்த எம்டியை நேற்று பெயின்ட் அடித்து மறைத்துவிட்டேன். இனிமேல் இந்தத் தெருவில் அந்த இரண்டு எழுத்தால் யாரும் ஏமாறப்போவதில்லை என்று உறுதி கூறுகிறேன். ரூமானாவுக்கு வேறு இடம் பாருங்கள்.

அண்ணிக்கு என் பணிவான சலாம், ரூமானாவுக்கு ஆசியும் அன்பும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நடக்கவும். இறைவன் நம் எல்லாருக்கும் நீண்ட ஆயுளும் குறைந்த கொழுப்பும் தருவானாக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
தொஃபாஜ்ஜல் (வெறும்)

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை): தபால் தலை இல்லாததால் கடிதம் இரண்டு நாள் மேஜையிலேயே கிடந்தது. கிடந்தது நல்லதாகப் போயிற்று. உறுதிமொழி முடிந்து நந்தி தாஜு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்தார், சான்றிதழை நீட்டி, "என் பேரப் படிங்க பாய், சத்தமா" என்றார். படித்தேன். நந்திகேஷ்வர் சிவாகோட்டி எம்டி. கண்ணாடியைத் துடைத்துப் படித்தேன், அப்போதும் எம்டி. "இத யாரு எழுதினது?" என்றேன்.

"நான்தான் எழுதச் சொன்னேன். தேர்வன்னிக்கி அந்த ஆபீசரம்மா கேட்டாங்க, பேர மாத்திக்கணுமான்னு. என் பேர அடிச்சவங்க இருக்காங்க, நம்பர் போட்டவங்க இருக்காங்க. என்ன பேரு வேணும்னு யாரும் கேட்டதில்ல. கேட்டதும் விட மனசு வரல."

"தாஜு, நீங்க பூணூல் போட்ட ஆளு. இது எங்க பேரு. டாக்டர்னு அர்த்தமே இல்லன்னு அன்னிக்கே சொன்னேனே."

"தெரியும். உங்க வீட்டு ஆம்பிளைங்க பேருன்னு சொன்னீங்க. அதுக்குத்தான் போட்டேன்."

ஜொஹுரா அவருக்கு நாற்காலி போட்டாள். இப்போது அவர் வீட்டுத் தபால் பெட்டியில் மகன் அந்தப் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறான், எதிர்வீட்டு அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று அதை வாசிக்கிறாள். ஆகவே பத்திரிகைக்கு எழுதும்போது வங்காளி பூஜ்யம், பூட்டானியர் ஒன்று என்று எழுதவும். இல்லை, ஒன்றும் எழுத வேண்டாம், யாரை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கே இப்போது தெரியவில்லை. இன்னொன்று, அவருக்கு உங்களைவிட ஒரு வயது கூடுதல், அரசாங்கக் காகிதப்படி. ஈத் பெருநாளுக்கு நீங்கள் இங்கே வரும்போது முதலில் அவர் காலைத் தொட்டுவிட்டு அப்புறம் நம் வீட்டுக்குள் வாருங்கள், நடு அண்ணே.