கெட்டிலுக்கு மூக்கு எந்தப் பக்கம்?

கெட்டிலின் மூக்கு நேராகக் கழுகு டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் பிரச்சினை.

பக்கவாட்டில் தெரிகிற கெட்டிலை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம். நடுவில் ஒரு உருண்டை, இந்தப் பக்கம் ஒரு பிடி, அந்தப் பக்கம் ஒரு மூக்கு. நேராகத் தெரிகிற கெட்டில் அப்படியில்லை. பெரிய வட்டம், அதற்குள் ஒரு சின்ன வட்டம். டீச்சர் அப்படியேதான் வரைந்தார். தாளில் ஒரு பன்றி வந்து உட்கார்ந்துகொண்டது.

அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். இந்தத் தடவை பன்றி கொஞ்சம் இளைத்திருந்தது.

"தெரிஞ்சதை வரையாதீங்க. தெரியறதை வரைங்க," என்று சொல்லிக்கொண்டே டிராயிங் மேடம் பின்னால் நடந்து போனார். ஒரு வகுப்புக்குப் பத்துத் தடவையாவது இதைச் சொல்லாவிட்டால் அவருக்குத் திருப்தி வராது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலை மேடம்," என்றார் டீச்சர்.

"தெரியலையா, தெரியாதா?"

டீச்சர் யோசித்துப் பார்த்தார். "ரெண்டும்தான் மேடம்."

"ரொம்ப யோசிக்காதீங்க டீச்சர். பாத்து வரைங்க. விஷயம் அவ்வளவுதான். பாத்து வரைங்க."

இதைப் போய் யாரிடம் சொல்கிறார்! இருபத்திரண்டு வருஷமாக ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "பாத்து எழுதாதே, பாத்து எழுதாதே" என்று சொல்லியே தொண்டை கட்டிப்போனவர் அவர். பரீட்சை அறையில் ஒரு கருவிழி பக்கத்து பெஞ்சுப் பக்கம் நகர்ந்தால் போதும், டீச்சரின் கை அந்தப் பேப்பர் மேல் இருக்கும். கழுகு என்ற பெயர் அப்படி வந்ததுதான். அந்தப் பெயர் டீச்சருக்குத் தெரியாது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெரியும் என்பது மட்டுமில்லை, டீச்சருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட பட்டப்படிப்பை இப்போதுதான் முடித்துக்கொண்டிருந்தார். மிச்சம் ஒரே ஒரு பாடம். அதில் தேறினால் பட்டம். பட்டம் வந்தால் வருகிற வருஷம் தலைமையாசிரியை. தேறாவிட்டால், தன்னைவிடப் பத்து வயது சின்னவளான நான்காம் வகுப்பு டீச்சருக்குத் தினமும் வணக்கம் சொல்ல வேண்டியதுதான். கல்லூரியில் எல்லா வகுப்பும் நிரம்பிவிட்டது. இடம் இருந்தது சனிக்கிழமை காலை நடக்கும் அடிப்படை ஓவியத்தில் மட்டும்தான்.

அறையின் நடுவில் ஒரு மேஜை. அதன் மேல் கெட்டில், ஒரு பெரிய ஜாடி, கசங்கிய துணி. சுற்றிலும் ஸ்டூல்களும் வரைபலகைகளும். எட்டுப் பேருக்கு எட்டு இடம், யார் இடத்தையும் யாரும் மாற்றக் கூடாது. மேஜையைத் தொடவே கூடாது. இந்த ஒரே படத்துக்குத்தான் மொத்த மதிப்பெண்ணும்.

டீச்சருக்கு இடது பக்கம் தொப்பிக்காரன் உட்கார்ந்திருந்தான். தாடி வைத்த இளைஞன், மரியாதை தெரிந்த பிள்ளை. டீச்சர் உள்ளே வந்தால் அவன் மட்டும் எழுந்து நிற்பான். ஆனால் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான். தொப்பியின் விளிம்பு மூக்கு வரை இறங்கியிருப்பதால் எங்கே பார்க்கிறான் என்றே சொல்ல முடியாது.

பாத்து வரைங்க என்றுதானே மேடம் சொன்னார்? எதைப் பார்த்து என்று சொன்னாரா?

டீச்சரின் பார்வை, வாழ்க்கையில் முதல் முறையாக, பக்கத்துப் பலகைப் பக்கம் நகர்ந்தது.

அவன் தாளில் ஒரு உருண்டை இருந்தது. தன் தாளில் இருந்த அதே உருண்டை. அப்பாடா, தப்பில்லை. தைரியம் வந்து டீச்சர் இடது பக்கம் ஒரு சின்னக் கோடு இழுத்தார். சரிதானா என்று சந்தேகமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தார். அவனுக்கும் அங்கே ஒரு கோடு! மூக்கு அங்கேதான் இருக்கிறது போல. அவன் இடத்திலிருந்து நன்றாகத் தெரிகிறது போல. டீச்சர் கோட்டை நீட்டினார். அவன் பலகையில் அது மூக்காகவே ஆகியிருந்தது. இப்படியே பார்த்துப் பார்த்து, மதியத்துக்குள் டீச்சரின் தாளில் பிடியும் மூக்குமாக ஒரு முழுக் கெட்டில் வந்துவிட்டது.

மேடம் வந்து குனிந்து பார்த்தார். "டீச்சர், உங்க இடத்துலேருந்து மூக்கு பக்கவாட்டிலேயா தெரியுது?"

"தெரியுது மேடம்."

"அப்படியா? சரி, அடுத்த வாரம் கடைசி வகுப்பு. ஒவ்வொருத்தர் இடத்துலயும் உக்காந்து பாத்துத்தான் மார்க் போடுவேன்."

டீச்சர் தாளைக் கையால் மறைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக் கெட்டிலை, மூக்கு தன்னைப் பார்க்கும்படி, சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் புதுத் தாளில் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை பொறுக்க முடியவில்லை.

"ஒரு வாய் வெந்நீர் கிடைக்குமா?"

"தொடாதீங்க!"

"குடிக்கத்தானே கேட்டேன். கல்யாணம் பண்ணிக்கவா கேட்டேன்?"

மகள் தாளை எட்டிப் பார்த்தாள். "அம்மா, பன்றி நல்லா வந்திருக்கு."

"அது கெட்டில்டி! நேரா இருந்தா இப்படித்தான் வருது. பக்கவாட்டில் வரைஞ்சா என் இடத்துக்குப் பொருந்தலை. என்ன பண்ணித் தொலைக்கறது?"

"இதுக்குப் போய் இவ்வளவு கவலையா?" மகள் கெட்டிலைக் கால் வட்டம் திருப்பினாள். "இந்தா, பக்கவாட்டில் இருக்கு. வரைஞ்சுக்கோ."

டீச்சர் மகளைக் கட்டிக்கொண்டார். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் டீச்சர் அறையில் இருந்தார். கெட்டிலைச் சுற்றி மேடம் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தார், யாராவது நகர்த்தினால் தெரியட்டும் என்று. டீச்சர் நகர்த்தவில்லை, திருப்பினார். வட்டத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் ஏது? மூக்கு சமர்த்தாக இடது பக்கம் போய் நின்றது. தன் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். தாளும் கெட்டிலும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. தலைமையாசிரியை நாற்காலியே கண்ணில் தெரிந்தது.

வகுப்பு ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வலது பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர் கண் டாக்டர். பொழுதுபோக்குக்காகச் சேர்ந்தவர். மூன்று வாரமாக அந்த மூக்கை மட்டுமே இழைத்து இழைத்து வரைந்து வைத்திருந்தார்.

டாக்டர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"டீச்சர்," என்றார் ரகசியமாக. "அந்தக் கெட்டிலுக்கு மூக்கு இருக்கா?"

"இருக்கே டாக்டர்."

"எனக்கு வெறும் பிடிதான் தெரியுது. போன வாரம் மூக்கைப் பாத்தேன். நல்லாப் பாத்தேன்." சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மூக்கு வரவில்லை. பெருமூச்சு விட்டபடி, மூன்று வாரத்து மூக்கை ரப்பரால் அழிக்க ஆரம்பித்தார்.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. "விடுங்க டாக்டர், வெளிச்சம் சரியில்லாம இருக்கும்."

"வெளிச்சம் இல்லை டீச்சர். நாளைக்கு ரெண்டு பேருக்குக் கண்புரை ஆபரேஷன். மூக்கு தெரியாதவன் எப்படிக் கண்ணைத் தொடுவான்?"

இடைவேளையில் எல்லாரும் வெளியே போனதும் டீச்சர் ஓடிப்போய் மூக்கைப் பழையபடி தன் பக்கமே திருப்பி வைத்தார். டாக்டர் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மேஜையைப் பார்த்தார். தாளில் தான் அழித்த இடத்தைப் பார்த்தார். மறுபடி மேஜையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"நாளைக்கு இருக்கற ஆபரேஷனை எல்லாம் தள்ளிப் போட்டுடும்மா. ஆமா, என் கண்ணுதான். வந்து வந்து போகுது."

டாக்டரைக் காப்பாற்றப் போய் டீச்சரின் படம் மாட்டிக்கொண்டது. மூக்கு இப்போது நேராக டீச்சரையே பார்க்கிறது. டாக்டருக்கோ மூக்கு வந்ததும் பழைய பயம் போய்ப் புதுப் பயம் வந்துவிட்டது. மறுபடி திருப்பலாமென்றால் அடுத்த இடைவேளை கிடையாது. அதற்குள் மேடம் மதிப்பெண் புத்தகத்தோடு வந்து நின்றார்.

"எழுந்திரிங்க டீச்சர், நான் உக்காந்து பாக்கறேன்."

உட்கார்ந்தார். கெட்டிலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "டீச்சர், நீங்க தெரிஞ்சதை வரைஞ்சுட்டீங்க. முதல்ல எல்லாரும் பண்ற தப்புதான், பரவாயில்லை." புத்தகத்தில் ஏதோ எழுதினார். தேறிவிட்டோம் என்று டீச்சருக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து மேடம் தலையைத் திருப்பித் தொப்பிக்காரன் பலகையைப் பார்த்தார்.

அதே உருண்டை. அதே பிடி. அதே மூக்கு. மூக்கின் நுனியில் டீச்சரின் பென்சில் வழுக்கிய இடத்தில் வந்த சின்னக் கோணல்கூட அப்படியே இருந்தது.

"என்ன தம்பி இது? டீச்சர் பண்ணின தப்பு உங்க தாள்ல எப்படி வந்தது?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. அவரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! ரெண்டு பேப்பர்ல ஒரே சரியான விடை வரலாம், ஒரே தப்பு எப்படிடா வரும்?

"காப்பியடிச்சா ஃபெயில்தான் தம்பி. என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் மேடம்.

தொப்பிக்காரன் எழுந்து நின்றான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். அப்படி நின்ற எத்தனையோ பிள்ளைகளை டீச்சர் பார்த்திருக்கிறார். அதில் எத்தனை பேர் ஒரு தப்பும் செய்யாமல் நின்றார்களோ என்று அவருக்கு முதல் முறையாகத் தோன்றியது. தோன்றியதும் தாங்க முடியவில்லை. தலைமையாசிரியை நாற்காலி கண் முன்னால் வந்தது. அது போனால் போகட்டும்.

"மேடம், அந்தப் பிள்ளையை விடுங்க. நான்தான் அவரைப் பாத்து வரைஞ்சேன்."

மேடம் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நீங்களா?"

"ஆமா. மூக்கு அவருக்குத்தான் அப்படித் தெரிஞ்சுது. எனக்கு நேராத்தான் தெரிஞ்சுது. அதை மறைக்கக் கெட்டிலையும் நான்தான் திருப்பினேன். அப்புறம் திருப்பியும் வெச்சேன். என்னை ஃபெயில் பண்ணுங்க."

டாக்டர் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நீங்கதான் திருப்பினீங்களா? அப்ப என் கண்ணு நல்லா இருக்கா?" ஓடி வந்து டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க!"

மேடத்துக்குத் தலை சுற்றியது. "இருங்க, இருங்க. இவர் இடத்துலேருந்து மூக்கு எப்படித்தான் தெரியுதுன்னு பாத்துடறேன்."

தொப்பிக்காரனின் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். இடது பக்கம் சாய்ந்து பார்த்தார். வலது பக்கம் சாய்ந்து பார்த்தார். கண்ணுக்கு எதிரே இருந்தது அந்தப் பெரிய ஜாடி.

"இங்கேருந்து மூக்கு மட்டுமில்லை, கெட்டிலே தெரியலையே! எதைப் பாத்துத் தம்பி வரைஞ்சீங்க?"

தொப்பிக்காரன் தொப்பியைக் கழற்றினான். தலை இன்னும் நிமிரவில்லை.

"அஞ்சாம் வகுப்புல பக்கத்துப் பையனைப் பாத்து எழுதி டீச்சர்கிட்ட மாட்டிக்கிட்டேன் மேடம். இந்தத் தடவையாவது மாட்டக் கூடாதுன்னுதான் டீச்சரையே பாத்து வரைஞ்சேன்."