நெஞ்சுக்குள் பூனை

அந்த வருடம் கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பருக்குக் கிராக்கி இருந்ததோ இல்லையோ, கருவாட்டுக்கு ஏகக் கிராக்கி. காரணம் பூனைச்சித்தர். ஆற்றோரம் ஒரு கொட்டகை போட்டு உட்கார்ந்தவரைச் சுற்றி ஈ மொய்க்கிற மாதிரி சனம் மொய்த்தது. இருமுகிற பிள்ளை, இழுக்கிற பிள்ளை, ஏன், சும்மா மூக்கை உறிஞ்சுகிற பிள்ளையைக்கூட இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். மாட்டு வண்டியில் வந்தார்கள். ரவாங்கிலிருந்து லோரி பிடித்தும் வந்தார்கள்.

சித்தரின் சாஸ்திரம் ரொம்ப எளிது. போன பிறவியில் அப்பனோ ஆத்தாளோ ஒரு பூனையை அடித்துக் கொன்றிருப்பார்கள். அது பழிவாங்க வந்து பிள்ளையின் நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. மூச்சு விடும்போது கேட்கிறதே 'கீச் கீச்' என்று, அது அதன் குரல். போன வாரம் என்ன குழம்பு வைத்தோம் என்பதே நினைவில்லாத சனத்துக்குப் போன பிறவி எங்கே நினைவிருக்கப் போகிறது? எல்லோரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பரிகாரம் கருவாடு. ஒரு துண்டைப் பிள்ளையின் நெஞ்சருகே பிடித்து, சித்தர் தாடி உரசக் குனிவார். உடனே 'மியாவ்' என்று கேட்கும். கூட்டம் மெய்சிலிர்க்கும். "இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தாலும் இந்தப் பூனை மோப்பம் பிடிக்கும்" என்பார் சித்தர். கடைசியில், பூனைக்குப் பசி அடங்கவில்லை, அடுத்த வாரம் இன்னும் கொண்டு வா என்று அனுப்பிவிடுவார். குவிந்த கருவாட்டைச் சித்தரின் சம்சாரம் மூட்டை கட்டிக் கடைத்தெருவில் விற்பாள். அதையே சனம் வாங்கி மறுபடி காணிக்கை கொண்டு வரும். மனிதனுக்கு மறுபிறவி உண்டோ இல்லையோ, அந்தக் கருவாட்டுக்கு உண்டு.

இந்தக் கூட்டத்தில் முன்வரிசைக்காரன் சன்னாசி. பால்மரம் வெட்டுகிறவன், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. பல்லி சொன்னால் வேலைக்குப் போவான், பூனை குறுக்கே போனால் திரும்பிவிடுவான். அப்பேர்ப்பட்டவனின் மகள் நெஞ்சுக்குள்ளேயே பூனை என்றால் அவன் கதி என்ன ஆகும்? மகள் நாகமணிக்கு ஏழு வயது. கைக்குழந்தையிலிருந்தே இழுப்பு. மழைக்காலத்தில் வரும், சில நாள் படுத்தும், போய்விடும். எழுந்ததும் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் ஓடி விளையாடுவாள்.

சித்தரைப் பார்த்த பிறகு அந்த ஓட்டம் நின்றுவிட்டது. சிரித்தால் பூனை விழித்துக்கொள்ளும், ஓடினால் ஈரலைக் கடிக்கும், தூங்கினால் தொண்டைக்கு ஏறும் என்று சித்தர் அவளிடமே சொல்லி வைத்திருந்தார். அவள் சிரிப்பதில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கூட விளையாடிய பிள்ளைகள் 'பூனைக்காரி' என்று எட்டி நின்றார்கள். இழுப்பு பழையதுதான், பயம்தான் புதுசு. அந்தப் பயம் வந்தாலே இழுப்பும் சேர்ந்து வந்தது. சன்னாசி இதையெல்லாம் பார்த்தான். என்ன செய்தான்? இன்னும் கொஞ்சம் கருவாடு வாங்கினான்.

கடைசியில் சித்தர் பெரிய வைத்தியத்தை அறிவித்தார். வெள்ளிக்கிழமை பிள்ளையைக் கொட்டகைக்குள் அடைத்து மிளகாய்ப் புகை போட வேண்டும், பூனை தும்மிக்கொண்டே ஓடிவிடும். சன்னாசி தலையாட்டினான். அவன் மனைவி கங்கா ஆட்டவில்லை. அடுப்பில் ஒரு மிளகாய் கருகினாலே மகள் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்கிறவள் அவள். மகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். சன்னாசி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனான்.

அங்கே மருந்து கொடுக்கிற டிரெசர் கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து ஒரு பங்கு என்றால் வசவு இரண்டு பங்கு கொடுப்பார். ஆனால் நாகமணியை அவர் வையவில்லை. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். நெஞ்சைச் சோதிக்கிற குழாயை எடுத்து, அவள் நெஞ்சில் வைக்கவில்லை. ஒரு முனையைத் தன் நெஞ்சில் வைத்து மறுமுனையை அவள் காதில் மாட்டினார்.

"கேக்குதோ, பிள்ளை?"

நாகமணியின் கண் விரிந்தது. "உங்களுக்கும் பூனையா, ஐயா?"

"எனக்கும் உன்னைப் போலை இழுப்பு. சின்ன வயசிலை இருந்தே இருக்கு. பூனை ஒண்டும் இல்லை."

பப்பாளி இலைக்காம்பு ஒன்றை வெட்டி வரச் சொன்னார். அவளையே ஊதச் சொன்னார். காற்று சும்மா போனது. நடுவில் விரலால் நசுக்கிக்கொண்டு ஊதச் சொன்னார். 'கீச்' என்றது. மூச்சுக்குழாய் சுருங்கும்போதும் இப்படித்தான் என்று சொல்லி, இழுப்பு வந்தால் எப்படிக் குனிந்து உட்கார்ந்து, விளக்கை அணைக்கிற மாதிரி மெதுவாக ஊதி மூச்சை விடுவது என்று தானே செய்து காட்டினார். கேள்வி கேட்கச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இவரும் சளைக்காமல் பதில் சொன்னார். அத்தனை நாள் பிள்ளையைப் பற்றி எல்லோரும் பேசினார்களே ஒழிய, பிள்ளையிடம் யாரும் பேசவில்லை என்பது சன்னாசிக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"நான் என் காதால கேட்டேனுங்க. மியாவ்னுச்சு" என்றான்.

டிரெசருக்கு வழக்கமான கோபம் வந்துவிட்டது. "அந்தப் புகைக்குள்ளை வைச்சா உன்ரை பிள்ளை செத்துப்போம், சன்னாசி. முதல்லை அந்தப் பூனை இருக்கோ எண்டு பாப்பம். இருந்தா நானே வந்து புகை போடுறன்."

மூடி போட்ட ரொட்டி டின் மூன்றை எடுத்தார். ஒன்றில் கருவாடும் மற்ற இரண்டில் கல்லும் வைக்கும்படி நாகமணியிடமே கொடுத்தார். யாரும் பார்க்காமல் அவள் வைத்துக்கொண்டு வந்ததும் மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினார். எதில் எது என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை டிரெசரும் நாகமணியும் கூட வர, டின்களைச் சுமந்துகொண்டு போனவன் சன்னாசி. அவனுக்கு ஒரே உற்சாகம். இன்றைக்கு டிரெசர் மூக்கு உடையப் போகிறது! கூட்டத்தின் நடுவில் நின்று, சித்தர் சொன்ன இரும்புப் பெட்டி வாக்கை அவனே உரக்க எடுத்துச் சொன்னான்; ஒரு டின்னில்தான் கருவாடு, அதற்கு மட்டும் பூனை கத்தும் என்றான். சித்தர் மறுத்திருக்கலாம். ஆனால் அதற்குள் கூட்டம் அரோகரா போட்டுவிட்டது. கொட்டகை முழுக்கக் கருவாட்டு நாற்றம், மனித மூக்குக்கு ஒன்றும் விளங்காத இடம். சித்தர் முதல் டின்னை நாகமணியின் நெஞ்சருகே பிடித்துக் குனிந்தார்.

மியாவ்.

திறந்தார்கள். கல்.

பூனை விளையாட்டுக் காட்டுகிறது என்றார் சித்தர். இரண்டாவது டின். மியாவ். திறந்தார்கள். அதுவும் கல். கூட்டம் கொஞ்சமும் கலங்கவில்லை. அப்படியானால் மூன்றாவதில்தான் இருக்கிறது, பூனை எப்படிக் கண்டுபிடித்தது பார் என்று வியந்தது. மூன்றாவது டின்னுக்குச் சித்தர் தைரியமாகவே நீளமாக ஒரு மியாவ் போட வைத்தார். சன்னாசியே மெழுகைச் சுரண்டித் திறந்தான்.

கல்.

டிரெசரே திகைத்துப்போனார். "கருவாடு எங்கை, பிள்ளை?"

"ஆஸ்பத்திரிப் பூனைக்குப் போட்டுட்டேன்" என்றாள் நாகமணி. "அதுக்கு நெசமாவே பசிங்க, ஐயா."

பேச வாயெடுத்த சித்தருக்கு எதுவோ தொண்டையில் சிக்கிக்கொண்டது. இருமினார். மியாவ். கையை ஆட்டினார். மியாவ், மியாவ். கண் பிதுங்கியது. கூட்டத்திலிருந்த வேலம்மாவுக்குச் சட்டென்று ஞானோதயம். சாமியே, பிள்ளையின் நெஞ்சிலிருந்த பூனையைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டுவிட்டது என்று கதறிக் கற்பூரத்தை ஏற்றினாள். கூட்டம் தடாலென்று காலில் விழுந்தது. விழுந்த கூட்டத்தை மிதித்துக்கொண்டு டிரெசர் பாய்ந்து, சித்தரைக் குனிய வைத்து முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

சின்னதாக எதுவோ வந்து சன்னாசியின் காலடியில் விழுந்தது. ஓலையை மடித்து நூலால் கட்டிய ஊதல். சன்னாசி அதை எடுத்தான். வேட்டியில் துடைத்தான். வாயில் வைத்து ஊதினான்.

மியாவ்.

பிறகு அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அடி ஒருபக்கம் விழ, சித்தர் பாகான் நக்கோடா ஓமார் என்ற மீனவக் கிராமம் இருக்கும் திசையில் ஓட்டம் பிடித்தார். அங்கேதான் முன்பு கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாராம், செல்லன் என்ற பெயரில்.

அப்பன் ஊதலும் கையுமாக நின்ற கோலத்தைப் பார்த்து நாகமணி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த வேகத்தில் இழுப்பு வந்துவிட்டது. நெஞ்சு கீச்சிட்டது. சன்னாசி பதறிப்போய் மகளைத் தூக்க ஓடினான். அவள் அவன் கையை விலக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, மெதுவாக ஊதி ஊதி மூச்சை விட்டாள்.

"பயப்படாதீங்கப்பா" என்றாள் நடுவில். "இது இழுப்புதான். கொஞ்ச நேரத்துல அடங்கிரும்."

அடங்கியது. சன்னாசி அங்கேயே உட்கார்ந்து அழுதான். தன் பிள்ளை நெஞ்சுக்குள் பூனையைக் கொண்டுபோய் விட்டவன் தான்தான் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

வேலம்மா மட்டும் கற்பூரத்தை அணைக்காமல், சாமிதான் ஓடிவிட்டது, அந்த ஊதலையாவது கும்பிடக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் நெஞ்சில் காதை வைத்துப் பூனை இருக்கிறதா என்று கேட்ட பெரியவர்களே, உங்கள் தலையையும் ஒருதரம் தட்டிப் பாருங்கள். உள்ளே மூளை இருக்கிறதா என்று தெரியட்டும்.