பெர்டாவைக் குளிப்பாட்டிய கதை

'நான் கிராமத்தான்' என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொள்கிறவனிடம் எதை வேண்டுமானாலும் ஒப்படையுங்கள், கோழியை மட்டும் ஒப்படைக்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான்.

எனக்குச் சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்ற ஊரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்து வந்தபோது முப்பது வயது. (கிராமத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, அம்மா அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கும்போது அதன் இறக்கையைப் பிடித்துக்கொண்டதுதான். ஜெர்மனி வந்ததும் அதற்கு 'விவசாய அனுபவம்' என்று பெயர் சூட்டிவிட்டேன்.) மனைவி செல்வியும் மூன்று வயது மகள் யாழினியும் ஊரில் இருந்தார்கள். நல்ல வீடு ஒன்று கிடைத்தால் அழைத்துக்கொள்ளலாம். எட்டு மாதமாகத் தேடினேன். எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் எனக்கு முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். மகளோ கைபேசியைத்தான் அப்பா என்று நினைத்திருந்தாள். சார்ஜ் தீர்ந்தால், "அம்மா, அப்பா செத்துப்போச்சு" என்று அழுவாள். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அழைப்பைத் துண்டித்ததும் நான் அழுவேன்.

அப்போதுதான் சிவம் அண்ணை வழிகாட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்துச் சிற்றூரில் தபால் கொடுப்பவர், எல்லா வீட்டுக் கதையும் தெரியும்.

"தம்பி, ஹெல்கா எண்டு ஒரு மனுசி இருக்கிறா. மேல்வீடு சும்மா கிடக்குது. ஆனா ஆளைப் பிடிச்சாத்தான் குடுப்பா. அவவுக்குக் கோழியெண்டா உயிர். நீங்கள் ஊரிலை கோழியோடை வளந்தனீங்கள்தானே?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! கோழியெல்லாம் எனக்குக் கூடப்பிறந்த மாதிரி."

ஹெல்கா ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். பேச்சும் ரயில் வேகம். வெள்ளி முதல் செவ்வாய் வரை ஸ்டுட்கார்ட்டில் தங்கை வீட்டில் இருக்கவேண்டியிருந்தது. "மேல்வீட்டிலேயே தங்கி என் கோழிகளைப் பார்த்துக்கொள். வந்ததும் வாடகை ஒப்பந்தம் பற்றிப் பேசுவோம்" என்றார். பரீட்சை என்று புரிந்தது. கோழிகளைப் பற்றி அவர் விளக்க விளக்க, நான் "யா, யா" என்று தலையாட்டினேன். பாதி புரியவில்லை, மீதி கேட்கவில்லை. கடைசியில் ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். கோழி வளர்க்க எனக்குத் தாளா! நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் கொட்டகையை மேற்பார்வையிட்டேன். பதினொரு கோழி. பத்து வெளியே மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் மூலைப் பெட்டியில் வைக்கோலை அணைத்துப் படுத்திருந்தது. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக் 'கொர்ர்' என்றது. பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டேன். அடைக்கோழி! பாவம், ஹெல்காவுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

எங்கள் ஊரில் தேவையில்லாமல் அடை படுக்கும் கோழியைத் தண்ணீரில் மூன்று முக்கு முக்கி வெயிலில் விடுவார்கள். சூடு தணிந்து மறுபடியும் முட்டையிடப் போய்விடும். மழைநீர்ப் பீப்பாய் பக்கத்திலேயே இருந்தது. இறக்கையைப் பிடிக்க ஆள் இல்லாத குறைதான். மூன்றாவது முக்கில் நான்தான் அதிகம் நனைந்திருந்தேன். பெர்டா (பெயர் பிறகுதான் தெரிந்தது) உடம்பை உதறிவிட்டு, பெட்டிப் பக்கமே திரும்பாமல் மற்ற கோழிகளோடு மேயப் போய்விட்டாள். 'பலே' என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

பெட்டியில் எட்டு முட்டை. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. இந்த நாட்டில் கடை முட்டைக்கெல்லாம் எண் குத்தியிருக்கும். வீட்டு முட்டைக்கும் குறி போடுகிறார்களே, என்ன ஒழுங்கு என்று வியந்தபடி ஆம்லெட்டுக்கு மேலே கொண்டுபோனேன். அம்மா அடைக்கு வைக்கிற முட்டையில், புது முட்டை கலந்துவிடாமலிருக்கக் கரித்துண்டால் கோடு போடுவாள். அந்தக் கரித்துண்டை அடுப்படியிலிருந்து எடுத்துக் கொடுத்ததே நான்தான். அந்த நேரத்துக்கு அது ஞாபகம் வந்தால்தானே!

வெங்காயம் நறுக்கி முடித்து, முதல் முட்டையைக் கையில் எடுத்தேன். கைபேசி அடித்தது. ஹெல்கா.

"பெர்டா ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறாளா? இன்றோடு பதினெட்டு நாள். செவ்வாய்க்கிழமை குஞ்சு பொரித்துவிடும். அபூர்வ இனம், எத்தனை இடத்தில் கேட்டு வாங்கினேன் தெரியுமா?"

முட்டைக்கும் கிண்ணத்தின் விளிம்புக்கும் இடையே ஒரு விரல்கடை இருந்தது.

"உட்கார்ந்திருக்கிறாள்" என்றேன். வெங்காயத்தால் கண்ணில் வந்த தண்ணீர் இப்போது வேறு காரணத்துக்காக வந்தது.

ஓடிப்போய் பெர்டாவைத் தூக்கி முட்டைமேல் உட்காரவைத்தேன். கையைக் கொத்திவிட்டு இறங்கிப் போனாள். மறுபடி வைத்தேன், மறுபடி கொத்தினாள். வேறு வழியில்லாமல் செல்விக்குப் போன் செய்தேன்.

"முட்டையோட படுத்திருக்கற அடைக்கோழிய ஆராச்சும் முக்குவாகளா? நெசமாவே நீங்க பட்டிக்காட்டுலதான் பெறந்தீகளா?"

"திட்டுறத அப்புறம் திட்டு. இப்ப என்ன செய்ய?"

"கோழி உக்காரலைன்னா நீங்க உக்காருங்க."

"வெளையாடாத செல்வி."

"வெளையாடல. கோழி ஒடம்புல இருக்குத சூடுதான் மனுச ஒடம்புலயும் இருக்கு. எங்களக் கூட்டிட்டுப் போகணுமா, வேண்டாமா? உக்காருங்க."

உட்கார்ந்தேன். எட்டு முட்டையையும் பனியனுக்குள் வயிற்றோடு வைத்துத் துண்டால் கட்டி, மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேலே கம்பளி. சிவம் அண்ணைக்கும் சொன்னேன். அவர் இரண்டு வெந்நீர்ப் பைகளோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, உங்களை நம்பியெல்லோ நான் அந்த மனுசிக்குச் சொன்னனான்! நாளைக்கு ஞாயிறு, ஒரு கடையும் திறவாது. இதை வைச்சுச் சமாளியுங்கோ. எழும்பிப் போடாதேங்கோ."

"சாப்பாடு, அண்ணே?"

"நான் கொண்டு வாறன். நீங்கள் அசையாதேங்கோ."

ஞாயிறு முழுவதும் ஒரே நாற்காலி. அண்ணைதான் இட்லி கொண்டுவந்தார். அவசரத்துக்கு நான் எழுந்தபோதெல்லாம் அவர் முட்டைகளை வாங்கித் தம் வயிற்றில் வைத்துக்கொண்டார். (இதை அவர் வீட்டில் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.) மூன்று மணிக்கொரு முறை முட்டையைத் திருப்பச் சொல்லி ஊரிலிருந்து செல்வி உத்தரவிட்டாள். அலாரம் வைத்துத் திருப்பினேன். தூக்கமும் அதே நாற்காலியில்தான்.

திங்கள்கிழமை வீட்டிலிருந்தே வேலை. வீடியோ கூட்டத்தில் பதினான்கு பேர். என் பகுதி ஏன் தாமதம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது வயிற்றுக்குள்ளிருந்து 'கீச்' என்றது.

"யாருடைய மைக் அது?" என்றார் மேலாளர்.

'கீச், கீச்.'

மைக்கை அணைத்தேன். "நீங்கள் பேசுவது கேட்கவில்லை, மைக்கைப் போடுங்கள்" என்றார். போட்டேன். இந்த முறை நாலைந்து குரல்கள். "வயிறு சரியில்லை" என்றேன். மருத்துவரைப் பார்க்கும்படி பதினான்கு பேரும் கனிவோடு சொன்னார்கள். எனக்கோ வெட்கத்தையும் மீறி மகிழ்ச்சி. உள்ளே உயிர் இருக்கிறதே!

செவ்வாய் மதியம் ஹெல்கா படியேறி வந்தபோது நான் எழுந்து வணக்கம் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் இல்லை. கம்பளிக்குள்ளிருந்து ஈரத் தலையோடு ஒரு குஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். போனில் பொய் சொன்னதையும் சொன்னேன். வீடு போய்விட்டது என்று முடிவுகட்டியிருந்தேன். மகளிடம் இனி என்ன சொல்வது என்பதே மனத்தில் ஓடியது.

"நான் எழுதிக் கொடுத்த தாள் எங்கே?"

நாற்காலி முதுகில் கிடந்த சட்டையின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடிப்புக்கூடக் கலையவில்லை. விரித்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தார். முதல் வரி, கொட்டை எழுத்தில், அடிக்கோட்டோடு: பெர்டாவைத் தொடாதே.

தாளைப் பழையபடி நான்காக மடித்தார். பிறகு, "என் அம்மாவும் கோழியைத் தண்ணீரில் முக்குவார்" என்றார். "ஆனால் அடியில் முட்டை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்."

"என் அம்மாவும் பார்ப்பார்" என்றேன். நாற்காலிக்குப் பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். எட்டில் ஐந்து பொரித்தன. ஐந்தாவது வெளியே வரும்வரை நாங்கள் இருவரும் எழவில்லை.

வீட்டைப் பற்றி அன்று பேச்சே இல்லை. பத்து நாள் கழித்துத்தான் சிவம் அண்ணை ஒரு தடித்த உறையைக் கொண்டுவந்து, தாமே பிரித்துப் படித்தவர்போல வாயெல்லாம் பல்லாக நின்றார். வாடகை ஒப்பந்தம்! கடைசிப் பக்கத்தில், அச்சடித்த விதிகளுக்குக் கீழே, கையால் எழுதிய ஒரு விதி: 'குடியிருப்பவர் கோழிகளைக் குளிப்பாட்டக் கூடாது.' அதன் கீழும் தனியாக ஒரு கையெழுத்துப் போட்டேன்.

நான்கு மாதத்தில் செல்வியும் யாழினியும் வந்தார்கள். தோட்டத்தில் ஐந்து கோழிகளும் என் பின்னாலேயே வரிசையாக நடந்ததைப் பார்த்துவிட்டு, "புள்ளகுட்டிக்காரராத்தான் இருக்கீக" என்றாள் செல்வி. மகள் கொஞ்ச நேரம் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, என் கன்னத்தைத் தொட்டு, "அப்பா சூடா இருக்கு" என்றாள்.

அதே வீட்டில்தான் இன்றும் இருக்கிறோம். யாழினிக்குப் பத்து வயது. ஞாயிற்றுக்கிழமை கம்பளியைப் போர்த்திக்கொண்டு நான் சோபாவில் ஒரு மணி நேரத்துக்குமேல் சாய்ந்திருந்தால் போதும், குளியலறையில் வாளி நிரம்புகிற சத்தம் கேட்கும்.

"அம்மா, அப்பா அடை படுத்துட்டாரு. முக்கிரலாமா?"

"அடியில முட்டை இருக்கான்னு பாத்துட்டு முக்கு" என்று சமையலறையிலிருந்து பதில் வரும்.