குண்டு டாக்டருக்கு அன்புடன்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஒருத்தி வெட்கத்தில் வெந்து போன கதை இது. சிரிக்கலாம். ஆனால் அவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், பாவம்.

பல் மருத்துவமனை ஒன்றில் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை அவளுக்கு. பள்ளி விட்டதும் அவளுடைய எட்டு வயது மகள் அங்கேயே வந்து, நோயாளிகள் உட்காரும் நாற்காலி ஒன்றில் வீட்டுப்பாடம் எழுதுவாள். வேறு போக்கிடம் இல்லை. டாக்டர் ஒரு நாள் முகம் சுளித்தால் அந்த நாற்காலி போச்சு. ஒரு வருஷமாக அவர் சுளிக்கவில்லை. அதற்கு நன்றியாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பிள்ளைகளும் அடுக்களையில் இறங்கினார்கள்.

சாக்லேட்டை உருக்கி, குழி குழியான அச்சில் கரண்டியால் பூசி, குளிர வைத்து எடுத்தால் அரை அரைப் பந்து. ஒரு பாதிக்குள் கோகோ தூள், பால் தூள், சர்க்கரை. இன்னொரு பாதியின் விளிம்பைச் சூடான தட்டில் லேசாக இழைத்து மேலே மூடினால் முழு உருண்டை. கோப்பையில் போட்டுச் சூடான பாலை ஊற்றினால் பட்டென்று வெடித்துக் கரையும். அதனால் பிள்ளைகள் அதற்குக் 'குண்டு' என்று பேர் வைத்தார்கள்.

ஐந்து வயதுச் சின்னவன் மூடியது பாதி, நக்கியது பாதி. எப்படியோ ஆறு தேறியது. மகள் அட்டை எழுதினாள். சின்னவன் பசையை முழுசாகப் பிழிந்து அதைப் பெட்டியின் மூடிமேல் ஒட்டினான். பல் டாக்டருக்கே இனிப்பா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அது யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை டாக்டர் வருமுன் பெட்டியை அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். தரை துடைக்க வந்த அக்கா எட்டிப் பார்த்து, "என்னம்மா, மூஞ்சிக்கு நேராவே எழுதிட்டே?" என்றாள்.

அப்போதுதான் அவள் அட்டையைப் படித்தாள். 'குண்டு டாக்டருக்கு அன்புடன்.'

டாக்டர் பெரிய மனசுக்காரர். உடம்பும் அந்த மனசுக்கு ஏற்ற அகலம். குண்டை மேல் வரியில் வைத்து, டாக்டரைக் கீழே இறக்கியிருக்கக் கூடாதா இந்தப் பெண்?

அட்டையைப் பிய்க்கப் பார்த்தாள். சின்னவன் ஒட்டியது, மூடியோடுதான் வருவேன் என்றது. பேனாவை எடுத்து முன்னால் 'சாக்லேட்' என்று சேர்த்துப் படித்தாள். 'சாக்லேட் குண்டு டாக்டருக்கு அன்புடன்.' எதைத் தின்று அப்படி ஆனார் என்பதும் இப்போது விளங்கிவிட்டது.

வாசலில் கார்ச் சத்தம். மருந்துச் சீட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒன்றை அவசரமாக உரித்து, முதல் இரண்டு சொல்லின் மேல் அழுத்தினாள். பிறகுதான் பார்த்தாள். 'இனிப்பைத் தவிர்க்கவும். டாக்டருக்கு அன்புடன்.'

"எனக்கே புத்திமதியா?" என்றபடி டாக்டர் உட்கார்ந்தார். ஸ்டிக்கருக்கு அடியில் எழுத்து தெரிவதைக் கவனித்தார். பல்லில் படிந்த காறையைச் சுரண்டும் கொக்கியால் ஓரத்தை நெம்பினார். இருபது வருஷத்துக் கை. ஒரு எழுத்துகூடச் சேதமாகவில்லை.

படித்தார். நாலு சொல்லைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"யாரு எழுதினது?"

"பொண்ணுதான் டாக்டர். குண்டுன்னா உள்ள இருக்கிற சாக்லேட்டு. உங்களைச் சொல்லலை. வரி பிரிக்காம எழுதிட்டா. சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்?"

டாக்டரின் முகம் தளர்ந்தது. "அவ்வளவுதானா? நான் மத்தியானச் சாப்பாட்டை விட்டுடலாமான்னு யோசிச்சேன்." செய்த பிள்ளை வந்து திறக்கட்டும் என்று பெட்டியை அப்படியே ஓரமாக வைத்தார்.

பிள்ளை தலையில் பழியைப் போட்டுத் தப்பித்தோமே என்று அன்று முழுக்க அவளால் தலை நிமிர முடியவில்லை. கடைவாய்ப் பல்லுக்கு வந்தவருக்கு முன்பல் என்று எழுதினாள்.

சாயங்காலம் மகள் பையோடு வந்ததும் டாக்டர் கூப்பிட்டார். அக்கா பாலைச் சுடவைத்துக் கொண்டு வந்தாள்.

"ஏம்மா, சாக்லேட்டு பேரைக் கொண்டுவந்து என் பேரோட ஒட்டிட்டியாமே?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். ஒன்றும் புரியாமல் மூடியைத் திறந்து, உள்பக்கத்தை அவருக்குத் திருப்பிக் காட்டினாள். அங்கே கலர் கலராக, 'சாக்லேட் குண்டு - ஆறு'.

"சாக்லேட்டு பேரு இங்க இருக்கு டாக்டர். வெளிய எழுதினது உங்க பேரு. வீட்டுல அம்மா உங்களை அப்படித்தான் சொல்லுவாங்க."

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கோப்பையில் பால் எப்போதும் சூடாக இருக்கட்டும். உள்ளே சொல்லும் பேரும் வெளியே சொல்லும் பேரும் உங்கள் வீட்டில் ஒன்றாகவே இருக்கட்டும்.